கலப்பைக்குக் கண்ணாடிப் பெட்டி, நெல்லுக்குத் தெருவோரம்

நம்மை ஆள்பவர்களுக்கு உழவர்மேல் கொள்ளைப் பாசம். ஒரே ஒரு நிபந்தனை, அவர் பொம்மையாக இருக்க வேண்டும். அப்படியென்றால் தலைப்பாகை கட்டிவிட்டு, முகத்தில் சிரிப்பை வரைந்து, குளிரூட்டிய அருங்காட்சியகக் கூடத்தில் நிறுத்திவைப்பார்கள். பக்கத்தில் நாட்டுக் கலப்பை, நுகத்தடி, பரம்புப் பலகை, இறைகூடை, குதிர். 'தொடாதீர்கள்' என்று ஓர் அட்டை. திறப்பு விழாவில், உழவரே நாட்டின் முதுகெலும்பு என்று யாராவது முழங்குவார்கள். ரொம்பச் சரி. தஞ்சைப் பண்ணைகளில் சவுக்கடி விழுந்ததும் அந்த முதுகில்தான்.

இந்திய உணவுக் கழகம் தன் முதல் அலுவலகத்தை 1965 ஜனவரி 14 அன்று திறந்தது தஞ்சாவூரில். 2021 நவம்பரில் அதே ஊரில் உணவுப் பாதுகாப்புக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் வந்தது. பெருமைதான். அப்படியே ஐப்பசி மழையில் டெல்டாவின் கொள்முதல் நிலையங்கள் பக்கமும் ஒரு நடை போய்விட்டு வரலாம். அங்கே உணவு இருக்கும். பாதுகாப்பைத்தான் தேட வேண்டும். குறுவை நெல் களத்திலும் சாலையோரத்திலும் குவிந்து கிடக்கும். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் விதிப்படி எடுக்க மாட்டார்கள். மழைக்கு அந்த விதி தெரியாது. 22 வரை தளர்த்துங்கள் என்று மாநிலம் கடிதம் எழுதும். மத்தியக் குழு வந்திறங்கும். ஒரு கை நெல்லை அள்ளி, உற்றுப் பார்த்து, பையில் போட்டுக்கொண்டு கிளம்பும். அறிக்கை வருவதற்குள் நெல் முளைத்துவிடும். அரசாணையை எதிர்பார்த்து நிற்கும் பழக்கம் விதைக்கு இல்லை.

சரி, பாரம்பரியத்தைக் காப்பது என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அரைகுறையாகக் காக்க வேண்டாம். உங்கள் கூடத்துக்கு நானும் சில பொருள்கள் சொல்கிறேன்.

முதலில் மரக்கால். ஒன்று போதாது, இரண்டு வேண்டும். குத்தகை நெல்லை வாங்கும்போது பெரியது, கூலி நெல்லை அளந்து போடும்போது சின்னது. இரண்டுக்கும் பெயர் மரக்கால்தான். 'பண்டைய முகத்தலளவை' என்று ஒன்றை மட்டும் மெருகேற்றி வைத்திருக்கிறீர்களே, அது எந்த மரக்கால்?

அடுத்து ஒரு சவுக்கு, ஒரு குவளை சாணிப்பால். பண்ணையாள் வேலைக்குப் பிந்தி வந்தால் முதுகுக்கு அது, வாய்க்கு இது. 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ் கீழத்தஞ்சையில் சங்கம் கட்டி எதிர்க்கும்வரை இதுவும் வேளாண்மை முறைதான். இயற்கை உரத்தின் பயன்களை விளக்கும் பலகைக்குப் பக்கத்திலேயே இடம் ஒதுக்கலாம்.

மூன்றாவது ஒரு கார். வியப்பாக இருக்கிறதா? 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கூலி நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள், சங்கத்தின் செங்கொடியை இறக்க மாட்டோம் என்றார்கள். செய்த குற்றம் அவ்வளவுதான். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்கள் வசதி படைத்தவர்கள், ஒருவர் காரே வைத்திருப்பவர், இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்று சொல்லி விடுதலை செய்தார்கள். நீதியையே ஏற்றிக்கொண்டு போன வண்டி! மாட்டு வண்டிக்கு மேடை கட்டத் தெரிந்தவர்களுக்கு இதற்கொரு மூலை கிடைக்காதா?

கடைசியாக, கண்ணாடிக் குப்பிகளில் வரிசையாக வைத்திருக்கும் மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், குள்ளக்கார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டார். குப்பியில் போட்டு மூடி வைத்தா மீட்டார்? உழவர் கையில் 2 கிலோ விதை கொடுத்து, அறுத்ததும் 4 கிலோவாகத் திருப்பி வாங்கி, அதை அடுத்தவர் கைக்கு மாற்றினார். விதையைக் காக்கும் ஒரே இடம் வயல். வயலையோ வெள்ளைக் கல் நட்டு மனைகளாக விற்கவிட்டு, குப்பிக்குப் பூட்டுப் போடுகிறீர்கள். ஆண்டுகள் கழித்து உள்ளே மிஞ்சுவது முளைக்காத தானியம்.

இதையெல்லாம் வைக்க மனம் வராது, தெரியும். பார்க்க வரும் பிள்ளை கேள்வி கேட்டுவிடும். அப்படியென்றால் வாசலில் உழவர் பெயரையாவது எடுத்துவிடுங்கள். 'மிராசுதார் வீட்டுப் பரண் சாமான்கள், அனுமதி இலவசம்' என்று எழுதி மாட்டுங்கள். அது நேர்மையாக இருக்கும். பொம்மை உழவருக்குக் கூரை போட்ட காசில் பாதியைக் கொள்முதல் நிலையத்துக் களத்தின் மேல் போட்டிருந்தால், உயிரோடு இருக்கும் உழவரின் நெல் ஐப்பசி மழையில் நனைந்திருக்காது. அதைச் செய்ய மாட்டீர்கள். உயிருள்ள உழவர் விலை கேட்பார், கணக்குக் கேட்பார், மறியலுக்கு உட்காருவார். பொம்மைக்கு வாய் இல்லை, ஓட்டும் இல்லை. உங்களுக்கு ஏற்ற உழவர் அவர்தான்.