ஆர்.டி.க்காரர்

வயது நாற்பதுக்கு மேல். மாதச் சம்பளம். வீட்டுக் கடனில் பாதி அடைந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை காய்கறி வாங்கப் போனவர் மத்தியானம் ஒரு பழைய கார்புரேட்டரோடு திரும்பி வந்தால் சந்தேகமே வேண்டாம், அவர் ஆர்.டி.க்காரர். எந்த சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. பெண்ணுக்கு வரன் பேசப் போன இடத்தில், சீர்வரிசைப் பேச்சு சூடு பிடிக்கும் நேரத்தில், தெருமுனையில் ஒரு டூ ஸ்ட்ரோக் சத்தம் கேட்கும். உடனே, "ஆர்.எக்ஸ். ஹண்ட்ரட். சைலன்சர் மாத்தியிருக்கான்" என்பார். சம்பந்தி முழிப்பார்.

இவர் மனதைப் பறிகொடுத்த வண்டி ராஜ்தூத் 350. யமஹாவின் ஆர்.டி. 350 வண்டியை எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-ல் இந்தியாவில் கொண்டுவந்தது. எண்பதுகள் முடிகிற கையோடு அதன் கதையும் முடிந்தது. 347 சி.சி., இரண்டு சிலிண்டர், ஆறு கியர். முதலில் வந்த 'ஹை டார்க்' வண்டிக்கு 30.5 குதிரைத்திறன். பெட்ரோல் குடிக்கிறது என்று எல்லோரும் அலறியதால் பின்னால் வந்த 'லோ டார்க்' வண்டிக்கு 27. அந்தக் காலத்து 350 சி.சி. புல்லட்டுக்கு 18-தான் என்பதையும் இவர் சொல்வார். புல்லட் வைத்திருப்பவரிடம் மட்டும் தேடிப்போய்ச் சொல்வார். வெளிநாட்டு ஆர்.டி.யில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் இருந்தது. இங்கே டிரம் பிரேக் வைத்தார்கள். பறக்க வைப்பது கம்பெனியின் பொறுப்பு, நிற்க வைப்பது அவரவர் குலதெய்வத்தின் பொறுப்பு.

கல்லூரி நாளில் இவர் பஸ் படிக்கட்டில் தொங்கியபோது, கான்ட்ராக்டர் வீட்டுப் பையன் ஒருவன் ஆர்.டி.யில் நீலப் புகை விட்டுக்கொண்டு தாண்டிப் போயிருப்பான். அந்தப் புகை இன்னும் இவர் மூக்கை விட்டுப் போகவில்லை. இப்போது கையில் கொஞ்சம் காசு உண்டு. ஆனால் பக்காவாகச் செய்துமுடித்த ஆர்.டி.யின் விலை லட்சங்களில் இருக்கிறது. அதனால் இவர் ஒரு முடிவுக்கு வருகிறார்: "நாமளே பட்ஜெட்ல செஞ்சிடலாம்." தமிழ்க் குடும்பங்களில் வீடு கட்டுவதற்கு அடுத்தபடியாக அதிக நாசம் விளைவித்த வாக்கியம் இதுதான்.

பட்ஜெட்டுக்கென்று ஒரு நோட்டு போடுவார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே 'மொத்தம் ரூ. 60,000', இரண்டு கோடு. இந்தக் கணக்குக்குச் சில சட்டதிட்டங்கள் உண்டு. ஸ்பேனர் செட் செலவில் சேராது, அது 'வீட்டுக்கும் உதவும்'. மெக்கானிக்கோடு சாப்பிட்ட பிரியாணி சேராது, அது மரியாதை. தப்பாக வாங்கிய சாமானும் சேராது, அதை எப்படியும் விற்றுவிடப் போகிறார். மனைவியிடம் சொல்லும் தொகை ஒன்று, நண்பர்களிடம் சொல்லும் தொகை ஒன்று. உண்மைத் தொகை நோட்டுக்கே தெரியாது.

வண்டி கிடைப்பது பெரும்பாலும் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு மோட்டார் ரூமில். டேங்க் மேல் கோழி அடைகாத்துக்கொண்டிருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் ஆள் காலமாகிப் பத்து வருடம் ஆகியிருக்கும். விற்பவர் பெட்ரோல் மூடியைத் தட்டிச் சொல்வார்: "சோழவரம் ரேஸ்ல ஓடின வண்டிங்க." இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல காலம் பந்தயம் நடத்தியது, அங்கே ஆர்.டி.க்களும் சீறின, எல்லாம் வாஸ்தவம். ஆனால் இன்று விற்பனைக்கு வரும் அத்தனை ஆர்.டி.யும் அங்கே ஓடியிருந்தால், பார்க்க வந்தவர்கள் நிற்க இடம் இருந்திருக்காது. கழற்றிப் பார்த்தால் ரேஸ் நடந்ததற்கு அத்தாட்சியாக ஒன்றே ஒன்று இருக்கும்: எவனோ ஒரு கெட்டிக்காரன் சிலிண்டர் போர்ட்டை அரத்தால் ராவி வைத்திருப்பான்.

அடுத்தது புதுப்பேட்டை.

"அண்ணே, ஆர்.டி.க்கு ஒரிஜினல் சைலன்சர் இருக்கா?"

"எச்.டி.யா, எல்.டி.யா?"

"எச்.டி."

"கீது. ஜோடி பதினஞ்சு."

"நூறா?"

கடைக்காரர் அப்போதுதான் தலை நிமிர்ந்து பார்ப்பார். "இன்னா சார், தலயே ஆர்.டி. வெச்சினுகீறாரு. நீ நூறுன்ற?"

'தல' தோனியிடம் ஆர்.டி. இருப்பது ஊரறிந்த செய்தி. அவர் ஆசைப்பட்டு வாங்கினார். அதற்கான வரியை இன்னும் இவர்தான் கட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு மணி நேரம் பேரம் பேசி இருநூறு குறைத்துவிட்டு, ஆட்டோ வைத்தால் கட்டுப்படியாகாது என்று, இரண்டு சைலன்சரையும் தோளில் சாத்திக்கொண்டு எழும்பூர் ஸ்டேஷனுக்கு நடப்பார். தாம்பரம் போகும் மின்சார ரயிலில் அவரைச் சுற்றி மட்டும் கூட்டம் இருக்காது. அன்றைய நோட்டில் 'ஆட்டோ மிச்சம்: ரூ. 80' என்று ஏறும்.

இவருடைய சிக்கனத்தின் லட்சணம் தெரிய வேண்டுமானால் கிராங்க் சீலைப் பார்க்க வேண்டும். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் அறைக்குள் போய்த்தான் மேலே ஏறுகின்றன. அந்த அறையின் ஓரத்து ரப்பர் சீல் காய்ந்துபோனால், வெளிக்காற்று கள்ளத்தனமாக உள்ளே நுழையும். கலவை மெலியும், சூடு ஏறும், பிஸ்டன் உப்பி சிலிண்டரைக் கவ்விப் பிடிக்கும். சீலின் விலை சில நூறு. ஆனால் மாற்ற இன்ஜினைப் பிரிக்க வேண்டும். "அது அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டுவிட்டு, அந்தக் காசுக்கு மட்கார்டை குரோம் அடிப்பார். ஓட்டிப் பார்த்த முதல் வாரமே பின்சக்கரம் கிறீச்சிட்டு நிற்கும். பிறகென்ன, லேத்துக்குப் போய் ரீபோர். 64 மில்லிமீட்டர் சிலிண்டரைக் கால் மில்லிமீட்டர் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுக்கொண்டு வருவார். புது சீலும் கூடவே வரும். நண்பர்களிடம், "எப்படியும் ரீபோர் பண்றதாத்தான் இருந்தேன்" என்பார்.

டியூனிங் வந்துவிட்டால் ஆள் ஞானியாகிவிடுவார். இரண்டு சிலிண்டருக்கு இரண்டு பாயின்ட், இரண்டு கார்புரேட்டர். பிஸ்டன் உச்சிக்கு வர 2 மில்லிமீட்டர் இருக்கும்போது தீப்பொறி விழ வேண்டும் என்று படித்து, கடன் வாங்கி ஒரு டயல் கேஜ் வாங்கியிருப்பார். மெக்கானிக் பாய் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். சிகரெட் பெட்டித் தாளில் ஒரு துண்டு கிழித்து பாயின்ட் நடுவே செருகி, கிராங்க்கை மெல்லத் திருப்புவார். தாள் விடுபடும் இடத்தில் நிறுத்தி, தட்டைத் துளி நகர்த்தி, ஸ்க்ரூவை முறுக்குவார். "இப்ப உங்க மீட்டர வெச்சிப் பாருங்க சார்." கேஜ் முள் சரியாக இரண்டில் நிற்கும். அன்றிரவு இவருக்குத் தூக்கம் வராது.

விடியற்காலை கிழக்குக் கடற்கரைச் சாலை. கோவளம் தாண்டி, நாலாவது கியரில் முழுசாக முறுக்கி, ஓடும்போதே சாவியை அணைத்து கிளட்ச்சைப் பிடித்து ஓரம் கட்டுவார். சுடச்சுட பிளக்கைக் கழற்றி, கைக்குட்டையில் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கறுப்பென்றால் பெட்ரோல் அதிகம், வெள்ளையென்றால் காற்று அதிகம். பிளக்கின் நடுவே இருக்கும் பீங்கான் மூக்குக்கு இருக்க வேண்டியது நல்ல டிகாஷன் காபி நிறம். நாலு ஆர்.டி.க்காரர்கள் கூடிவிட்டால் அந்தக் காபியில் பால் அதிகமா, டிகாஷன் அதிகமா என்று ஒன்பது மணி வரை விவாதம் ஓடும். வீட்டில் அவருக்காகப் போட்ட காபி ஆறிப்போயிருக்கும்.

ஒருவழியாக எல்லாம் சரியாகிவிடும். ஆறாயிரம் சுற்று தொட்டதும் வண்டி கையை விட்டு ஓடப் பார்க்கும். ஆர்.டி.க்காரருக்கு இதைவிடச் சங்கடமான காலம் கிடையாது. கழற்ற ஒன்றுமில்லாத ஞாயிற்றுக்கிழமையில், துடைத்த டேங்கையே துடைப்பார். நல்ல வேளையாக அரசாங்கம் கைகொடுத்தது. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் என்றதும் கலவை மறுபடி மெலிந்தது, பழைய ரப்பர்கள் ஊறிப் பல்லைக் காட்டின. டீக்கடையில் கொள்கை முடிவைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டு, வீட்டுக்கு வந்து உற்சாகமாக மெயின் ஜெட்டைக் கழற்றுவார்.

யாராவது நல்ல விலைக்குக் கேட்டால், "விக்கவா சார் செஞ்சேன்?" என்று கோபம் வரும். கேட்ட விலையை மட்டும் மனைவி காதில் விழும்படி இரண்டு முறை சொல்வார். அடுத்த வாரமே ஒரு டெம்போ வாசலில் வந்து நிற்கும். அதில் இன்னொரு ஆர்.டி., சக்கரம் இல்லாமல்.

"ஏங்க, இது எதுக்கு?"

"ஸ்பேர்ஸுக்குடி. இதுல இருந்து சாமான் எடுத்து அதுக்குப் போட்டா, எவ்ளோ மிச்சம் தெரியுமா?"

அவர் டெம்போக்காரருக்கு ஒரு கை கொடுக்கப் போய்விட்டார். மனைவி உள்ளே போய் ஒரு புது நோட்டை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். பிள்ளையார் சுழியும் அவளே போட்டிருந்தாள். தொகையை மட்டும் பென்சிலில் எழுதியிருந்தாள்.