ஞானியாகவும் பேரரசராகவும் ஒரே நேரத்தில் இருப்பது எப்படி?

பேரரசராக ஆசைப்படுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஞானியாக ஆசைப்படுகிறவர்களும் அங்கங்கே உண்டு. இரண்டு பாரத்தையும் ஒரே தலையில் ஏற்றிக்கொள்ளத் துடிக்கும் அபூர்வப் பிறவிகளுக்காக இந்த யோசனைகள். எல்லாமே ரோமை 161 முதல் 180 வரை ஆண்ட மார்க்கஸ் அரேலியஸ் செய்துபார்த்தவை. என் கைச்சரக்கு எதுவும் இல்லை.

சின்ன வயதிலேயே ஆரம்பித்துவிடுங்கள். மார்க்கஸ் பன்னிரண்டு வயதிலேயே தத்துவவாதிகளைப்போல முரட்டுத் துணியைப் போர்த்திக்கொண்டு தரையில் படுத்தார். அம்மா கெஞ்சிக் கூத்தாடித்தான் பிள்ளையைக் கட்டிலில் ஏற்ற முடிந்தது. அந்த அம்மாவுக்குச் சொந்தமாகச் செங்கல் சூளைகள் இருந்தன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வசதியான வீட்டுப் பிள்ளை தரையில் படுத்தால்தான் அது தவம். மற்றவர்கள் படுத்தால் வெறும் தூக்கம்.

பிறகு காத்திருக்கப் பழகுங்கள். 138-இல் பேரரசர் ஹேட்ரியன், ஐம்பதைத் தாண்டிய அன்டோனினஸ் பயஸைத் தத்தெடுத்து வாரிசாக்கினார். அன்டோனினஸ் தன் பங்குக்கு மார்க்கஸையும் லூசியஸ் வெரஸ் என்ற சிறுவனையும் தத்தெடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. வயதானவர், அதிக நாள் இருக்கமாட்டார் என்று யாராவது கணக்குப் போட்டிருந்தால் அது பொய்த்தது. அன்டோனினஸ் 23 ஆண்டுகள் ஆண்டார். அத்தனை ஆண்டுகளும் மார்க்கஸ் நல்ல பிள்ளையாகக் கூடவே இருந்து தொழில் கற்றுக்கொண்டார்.

ஒருவழியாகப் பதவி வந்ததும் பாதியைத் தம்பிக்குக் கொடுத்துவிடுங்கள். லூசியஸையும் பேரரசராக்கினால்தான் ஆச்சு என்று மார்க்கஸ் பிடிவாதமாக நின்றார். ரோமில் இரண்டு பேரரசர்கள் சேர்ந்து ஆண்டது அதுவே முதல் தடவை. (பாகப்பிரிவினை வழக்கு நடக்கும் வீடுகளில் இந்தப் பத்தியை உரக்கப் படிக்க வேண்டாம்.)

அமைதியாக உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடைக்கும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். பட்டத்துக்கு வந்த கொஞ்ச நாளில் டைபர் ஆறு பெருக்கெடுத்தது. கிழக்கே பார்த்தியர்களுடன் போர் மூண்டது. ஜெயித்துத் திரும்பிய படை கொள்ளையோடு கொள்ளைநோயையும் கொண்டுவந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் மார்க்கோமன்னி, குவாடி இனத்தார் டான்யூப் எல்லையைத் தாண்டினார்கள். கஜானாவில் காசில்லை, புதுவரி போட மனமில்லை. அப்போது மார்க்கஸ் செய்ததுதான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த காரியம். அரண்மனைச் சாமான்களை டிராஜன் மன்றத்தில் கடைபரப்பி ஏலம் விட்டார். பொற்கிண்ணங்கள், பளிங்குக் கோப்பைகள், ஹேட்ரியன் சேர்த்துவைத்த ரத்தினங்கள், மனைவி ஃபாஸ்டினாவின் சரிகைப் பட்டாடைகள் எல்லாம் போயின. ஏலம் இரண்டு மாதம் நடந்தது. பிறகு, விருப்பமுள்ளவர்கள் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம் என்றும் அறிவித்தார், கொடுக்காதவர்களை வற்புறுத்தவில்லை. ஃபாஸ்டினாவின் கருத்து வரலாற்றில் பதிவாகவில்லை. நீங்கள் செய்வதாக இருந்தால் வீட்டில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மக்கள் உங்களை ரசிப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். விளையாட்டரங்கில் ஊரே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, மார்க்கஸ் மேலே உட்கார்ந்து கோப்பு பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். சனங்கள் கேலி செய்தார்கள். கிளாடியேட்டர்களுக்கு மழுங்கிய வாள்தான் கொடுக்க வேண்டும் என்றார். கடைசியில் அவர்களையே படையில் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனபோது, வேடிக்கையைப் பிடுங்கிவிட்டு எல்லாரையும் தத்துவம் படிக்கவைக்கப் பார்க்கிறார் என்று ஊர் பேசியது.

உடம்பு ஒத்துழைக்காது. மருத்துவர் காலன் தயாரித்த ஒரு லேகியத்தை மார்க்கஸ் சாப்பிட்டுவந்தார். விரியன் பாம்பின் இறைச்சி, அபின் உட்பட அறுபதுக்கு மேற்பட்ட சரக்குகள் சேர்ந்தது. வேலை நேரத்தில் தூக்கம் வருகிறதே என்று அபினை நிறுத்தச் சொன்னார். இரவில் தூக்கம் போய்விட்டது. அபின் திரும்பி வந்தது.

குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். போர்முகாம்களில் மார்க்கஸ் தனக்குத்தானே கிரேக்கத்தில் எழுதிக்கொண்டவைதான் இன்று 'தியானங்கள்' என்ற பெயரில் உலகம் முழுக்க விற்கின்றன. பரந்த பேரரசை ஆளும் மனிதர், காலையில் போர்வையை விட்டு எழுந்திருக்கத் தன்னோடு தானே வாதாடுகிறார். சிடுமூஞ்சிகளையும் நன்றிகெட்டவர்களையும் இன்றைக்கும் பார்க்கத்தான் போகிறோம் என்று மனதைத் தயார் செய்கிறார். நிர்வாகத் திறன் வகுப்புகளில் இதை வெற்றியின் ரகசியம் என்கிறார்கள். எனக்கென்னவோ களைத்துப்போன ஒருவர் தன் முதுகைத் தானே தட்டிக்கொடுப்பதாகத்தான் படுகிறது. அதனாலேயே அவர்மேல் மரியாதை கூடுகிறது.

துரோகிகளை மன்னியுங்கள். 175-இல் மார்க்கஸ் இறந்துவிட்டார் என்ற வதந்தியை நம்பி, தளபதி அவிடியஸ் காசியஸ் தன்னையே பேரரசராக அறிவித்துக்கொண்டார். செய்தி பொய் என்று தெரிந்தபின்னும் இறங்கவில்லை. மூன்று மாதத்தில் சொந்தப் படையாளே அவரை வெட்டிவிட்டான். தலையைக் கொண்டுவந்தபோது மார்க்கஸ் பார்க்கமாட்டேன் என்று அடக்கம் செய்யச் சொன்னார்.

இனி வருவது கஷ்டமான பாடம்: மகன் பெறாதீர்கள். அவருக்கு முன் ஆண்ட நால்வருக்கும் வாரிசாக்க உயிரோடு ஒரு மகன் இல்லை. தகுதியானவரைப் பார்த்துத் தத்தெடுத்தார்கள். அவர்கள் காலத்து நல்லாட்சிக்கு ஞானம் பாதிக் காரணம் என்றால், பிள்ளையில்லாதது மீதிப் பாதி. மார்க்கஸுக்குப் பிள்ளைகள் பதிமூன்றுக்குக் குறையாமல் பிறந்தன, பல சின்னதிலேயே போயின. பிழைத்த மகன் கொமோடஸ். தேர்ந்த ஆசிரியர்களை வைத்துப் பார்த்தும் பையன் மனம் மல்யுத்தத்திலும் வாள்சண்டையிலும்தான். 177-இல் அவனையே கூட்டுப் பேரரசராக்கினார். ஒதுக்கியிருந்தால் உள்நாட்டுப் போர் வந்திருக்கும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் ஊரார் குற்றங்களுக்கெல்லாம் நூறு விளக்கம் எழுதிவைத்த குறிப்பேட்டில் இந்தப் பையனின் பெயரே இல்லை. தகப்பன் கூர்மழுக்கிய அரங்கில் மகன் தானே இறங்கிச் சண்டை போட்டான். 192-இன் கடைசி நாளில் ஒரு மல்லனைவிட்டு அவனைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள்.

மிச்சமிருப்பது சிலை விஷயம். வெண்கலத்தில், குதிரைமேல் இருக்கட்டும். முகத்தில் தாடி இருந்தாலும் யார் என்று சட்டென்று பிடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரோமின் வெண்கலச் சிலைகளில் பெரும்பாலானவை உருக்கப்பட்டன. மார்க்கஸின் குதிரைச் சிலை தப்பியதற்குக் காரணம், அதை கான்ஸ்டன்டைன் என்று நினைத்துக்கொண்டார்கள், கிறிஸ்தவத்தைத் தழுவிய முதல் பேரரசர் என்று. வேடிக்கை என்னவென்றால், மார்க்கஸின் ஆட்சியில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவருக்கு மரண தண்டனை விதித்தவரே மார்க்கஸின் தத்துவ ஆசிரியர் ரஸ்டிகஸ்.