காற்று தேடும் சந்து

கேள்வி: தோப்பூர் காசநோய் மருத்துவமனைக்குப் பயிற்சிக்குப் போகிறேன். என்-95 மாஸ்க் இருந்தால் பயமில்லைதானே?
– செவிலியர் மாணவி, திருமங்கலம்

பதில்: நல்ல துணைதான் தாயி. 0.3 மைக்ரான் துகள்களிலேயே குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்கும் துணி அது. ஆனால் முகத்தோடு ஒட்டாவிட்டால், மதகை அடைத்துவிட்டுக் கண்மாய்க் கரையை வெட்டிவிட்ட கதைதான். காசநோய்க் கிருமி காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். சந்து கிடைத்தால் அந்த வழியாகவே உள்ளே வரும்.

மேல் பட்டை உச்சந்தலையில், கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே கழுத்தில். மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்து. உள்ளங்கைகளால் மூடி ஊது. கண்ணோரம் காற்று வந்தால் மறுபடி சரிசெய். கழற்றும்போது முன்பக்கம் தொடாதே. முதலில் கீழ்ப் பட்டை, பிறகு மேல் பட்டை. உடன் படிக்கும் தம்பிகளிடமும் சொல்: தாடி சினிமாவில் நாயகன், என்-95க்கு வில்லன்!

இருமும் நோயாளிக்குச் சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க், உனக்கு என்-95. அறையின் ஜன்னல்களையும் திறந்து வை. நீ நலமாக இருந்தால்தான் அவர்களைத் தேற்ற முடியும்.