கவுண்ட் குறையக் குறையப் பெருமை

எங்கள் நாட்களில் கவுண்ட் என்பது காதால் கேட்கும் சங்கதியாக இருந்தது. புரோட்டான் பீம் டார்கெட்டில் பட்டதும் ஸ்பீக்கரில் பொரியத் தொடங்கும் சடசடப்பைக் கேட்டுக்கொண்டும், ஸ்கேலரின் கண்ணாடிக் குமிழ்களுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டும் ராத்திரி முழுக்க டீ குடித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு நான் மேற்கொண்டு எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள், இரைச்சலுக்கு நடுவே அப்பா ரேடியோ திருகைத் திருகித் திருகி இலங்கை வானொலியைப் பிடித்த ராத்திரிகளை நினைத்துக்கொள்ளலாம். அலுமினியம் டார்கெட்டில் 992 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் ஓர் ஒத்ததிர்வு உண்டு. ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனால், அந்த இடத்தில் காமாக் கதிர்கள் திடீரென்று கொட்டும். மெஷினின் ஆற்றல் அளவைச் சரிபார்க்க உலகம் முழுவதும் செய்கிற வேலைதான் அது. ஆனால் அது சிக்கும் கணத்தில் கன்ட்ரோல் ரூமில் எழும் கூச்சலைக் கேட்டவர்கள், ஏதோ புது நட்சத்திரத்தையே கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள்.

நட்சத்திரம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஊருக்குப் போனால் ‘நட்சத்திர ஆராய்ச்சி’ என்றுதான் சொல்லிக்கொள்வேன். சொல்லும்போது முகத்தைச் சற்று மேல்நோக்கி வைத்துக்கொள்வதும் உண்டு. ஜன்னலே இல்லாத அறையில், ஈயச் செங்கற்களை அடுக்கிக் கை கறுத்துப்போன அந்த இளைஞன் வானத்தைப் பார்த்ததெல்லாம் டீக்கடைக்குப் போகிற வழியில்தான் என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

டிடெக்டர் விஷயத்துக்கு வருகிறேன். சோடியம் அயோடைடு படிகம் சாது. அறை வெப்பத்திலேயே வேலை செய்யும், காமாக் கதிர் பட்டால் மினுங்கும், ஆனால் பக்கத்துப் பக்கத்து ஆற்றல்களைப் பிரித்துக் காட்டாமல் ஒரே குன்றாகக் குவித்துவிடும். அதை ஊசி ஊசியாகப் பிரித்துக் காட்ட வந்ததுதான் லித்தியம் ஏற்றிய ஜெர்மானியம். அதை வருஷம் முழுவதும் மைனஸ் 196 டிகிரியில், திரவ நைட்ரஜன் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். குளிர் தவறினால் உள்ளிருக்கும் லித்தியம் இடம்பெயர்ந்து படிகம் பாழ். ஆகவே தீபாவளியானாலும் பொங்கலானாலும் யாராவது ஒருவர் நைட்ரஜன் ஊற்ற இருந்தாக வேண்டும், அந்த ஒருவர் கல்யாணமாகாதவராக இருப்பதுதான் மரபு. வெள்ளை ஆவி தரையெல்லாம் தவழ, கணுக்கால் சில்லிட, ஊற்றி முடித்துவிட்டு மிச்சத்தில் ஒரு வாழைப்பழத்தை முக்கி அதைச் சுத்தியலாக்கி ஆணி அடித்துப் பார்ப்போம். அந்த டிடெக்டரைச் சாக்காகச் சொல்லி நான் தப்பித்த கல்யாணங்கள் ஏராளம். இன்றைய தூய ஜெர்மானியத்தை வேலையில்லாத நாளில் அறை வெப்பத்தில் விட்டாலும் கெடாது. மின்சாரத்தில் ஓடும் குளிரூட்டியும் வந்துவிட்டது. பாவம், இந்தக் காலத்து ஆய்வு மாணவர்கள் எல்லாக் கல்யாணத்துக்கும் போய்த்தான் தீரவேண்டும்.

இத்தனை பாடும் எதற்கு? சூரியனின் மையத்தில் வெப்பம் சுமார் ஒன்றரைக் கோடி டிகிரி. கேட்கப் பெரிதாக இருக்கிறதே தவிர, அணுக்கருக்களின் கணக்கில் அது அற்ப ஆற்றல். ஒன்றையொன்று விலக்கும் இரண்டு கருக்கள் அந்த ஆற்றலில் ஒட்டுவது அபூர்வத்திலும் அபூர்வம். அபூர்வமாக இருப்பதால்தான் சூரியன் நிதானமாக எரிகிறது, நாமும் இருக்கிறோம். ஆய்வகத்தில் அந்த அபூர்வத்துக்குக் காத்திருக்க யாரால் முடியும்? அதனால் ஆற்றலைக் கூட்டி வைத்து அளந்துவிட்டு, கிராஃப் தாளில் வளைவை அப்படியே கீழே இழுத்து நட்சத்திரத்தின் ஆற்றல் வரைக்கும் கொண்டுபோய் விடுவோம். கால்டெக்கில் வில்லியம் ஃபௌலர் வளர்த்த துறை இது. 1983-ல் அவருக்கு நோபல் கிடைத்தபோது கூடவே சந்திரசேகருக்கும் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் ‘நம்ம சந்திரசேகர்’ என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருக்க, நான் மட்டும் இன்னொருவருக்காக லட்டு வாங்கிக்கொண்டு போனேன்.

நைட்ரஜன்-14 ஒரு புரோட்டானை விழுங்கி ஆக்சிஜன்-15 ஆகும் வினைக்கும் அப்படியொரு வளைவு இருந்தது. இத்தாலியில் கிரான் சாசோ மலைக்கு அடியில், 1,400 மீட்டர் பாறையைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு, லூனா என்ற கூட்டத்தார் அதைக் கீழே வரைக்கும் பொறுமையாக அளந்து, 2004 வாக்கில் வினையின் வேகம் அதுவரை நம்பியதில் பாதிதான் என்றார்கள். விளைவு, வானத்தின் மூத்த நட்சத்திரக் கொத்துகளுக்கு எழுபது கோடி முதல் நூறு கோடி ஆண்டு வரை வயது கூடிப்போனது. அதே கூட்டத்தார் அதற்கு முன்பு இரண்டு ஹீலியம்-3 சேரும் வினையை அளந்தபோது, ஆகக் குறைந்த ஆற்றலில் கிடைத்தது மாதத்துக்குச் சுமார் இரண்டே நிகழ்வு. ஒரு நொடியில் ஆயிரம் கவுண்ட் வந்தால் மார்தட்டிக்கொண்ட எனக்கு இதை ஜீரணிக்கவே சில வருஷம் ஆயிற்று.

இப்போது எல்லாமே தலைகீழ். கான்கிரீட் சுவரிலுள்ள பொட்டாசியம்-40, 1461 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் ஒரு கோடு போடும். ஓசியில் கிடைத்த அளவுகோல் என்று நாங்கள் கொண்டாடியது. இன்று அதற்குப் பயந்து டிடெக்டரை ஈயத்துக்குள் ஒளிக்கிறார்கள். ஈயத்திலேயே கொஞ்சம் கதிரியக்கம் இருப்பதால், இருபத்திரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும் அந்தக் கசிவு ஓய்ந்துபோன பழைய ஈயத்துக்குத்தான் மவுசு. அதே கிரான் சாசோவில் நியூட்ரினோ ஆராய்ச்சிக்காரர்கள், சார்டீனியா கடலடியில் இரண்டாயிரம் ஆண்டு கிடந்த ரோமானியக் கப்பல் ஈயத்தை வாங்கி உருக்கிக் கவசமாக்கியிருக்கிறார்கள். எங்கள் செங்கற்களைக் கிடங்கில் போட்டு வைத்திருந்தால் நாளைக்கு விலை போயிருக்கும்.

போன வாரம் என் பழைய மாணவி ஒரு சுரங்க ஆய்வகத்திலிருந்து போன் செய்தாள். குரலில் அப்படியொரு உற்சாகம்.

“சார், இந்த மாசம் மூணு வந்திருக்கு!”

“பேக்கிரவுண்ட் எத்தனை எதிர்பார்த்தீங்க?”

“மூணு சார்.”