கொத்தும் படிக்கட்டும்

வாரும் மருமோன், உந்தக் கதிரையில இரும். முந்தாநாள் ராத்திரி "மாமா, எனக்கு அட்டாக்" எண்டு பிளற்ஸையே எழுப்பின ஆள், இப்ப பன்னிரண்டு இடியப்பத்தை முடிச்சுப்போட்டுச் சொதிக்கோப்பையைச் சுரண்டுறீர்.

நான் ஊர்க் கிழவன். வெள்ளவத்தைக்கு வந்து பத்து வருசமாகியும் காலி வீதியைக் கடக்கப் பயப்பிடுறவன். ஆனால் கொத்துரொட்டிக்கும் நெஞ்சுக்கும் நடக்கிற வழக்கு எனக்கு விளங்கும். பத்தரைக்கு ஒரு முழுக் கொத்தை, மேல கறியும் ஊத்தி இறக்கினீர். பதினொண்டுக்கு மல்லாக்கப் படுத்தீர். இரைப்பையின்ர வாசலில ஒரு கதவு இருக்குது, எங்கட பிளற்ஸ் கேற் மாதிரி. வாச்சர் கண்ணயர்ந்தால் ஆரும் வரலாம், போகலாம். கொத்து புளிச்சுப்போய் மேல ஏறித் தொண்டையைச் சுட்டுது. குனிஞ்சால் கூடுது, எழும்பி இருந்தால் குறையுது, வாயில புளிச்சல் தண்ணி. உது நெஞ்செரிவின்ர கையெழுத்து. இனிச் சாப்பிட்டு மூண்டு மணித்தியாலம் கழிச்சுப் படும், கட்டில் தலைமாட்டுக்கு ரெண்டு கல்லு வையும்.

எண்டாலும் நான் உமக்கு ஓமத்தண்ணி தந்து படுக்கச் சொல்லேல்லை, கண்டீரோ? 1990க்குத்தான் எடுத்தன். 2016இல இந்தியா குடுத்த உதவியில தொடங்கின அம்புலன்ஸ், ஒரு சதமும் கேளாது. சாப்பாட்டுக் குழாய் இருதயத்துக்குப் பின்பக்கமாய் ஒட்டிக்கொண்டு போகுது. கொட்டாஞ்சேனை ஒழுங்கையில நெருக்கிக்கொண்டு நிக்கிற வீடுகள் மாதிரி: சண்டை பக்கத்து வீட்டில, அதிருறது எங்கட சுவர். ஏவறை விட்டாப்போல சுகமாச்சு, குளிசை போட்டாப்போல நோ போச்சு, ஆகவே வாய்வுதான் எண்டு தீர்ப்புச் சொல்ல டொக்டர்மாரே துணியமாட்டினம். ஈசிஜி எடுத்து, ட்ரோபோனின் எண்ட இரத்தச் சோதனையைச் சில மணித்தியாலம் விட்டுத் திரும்பவும் செய்து பாத்துத்தானே உமக்கு "அசிட்" எண்டவை. உந்த ஈசிஜிக்காக 1924இல நோபல் பரிசு வாங்கின ஐந்தோவன் ஒரு ஒல்லாந்தன். அவன்ர ஆக்கள்ர பேரைச் சொல்லி நாங்கள் லம்பிரைஸ் தின்னுறம், தின்ட பிறகு பாக்கிறதுக்கு மெசினும் அவன்ர.

சரி, இனித்தான் கதை. போன கிழமை லிஃப்ட் பழுதாகி, நாலு மாடி ஏறினீரல்லோ? மூண்டாம் மாடியில கைபிடியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டதை மாமி கண்டவ. நேற்றுத்தான் எனக்குச் சொன்னா. நெஞ்சில கல்லு ஏத்தின மாதிரி எண்டீராம், தாடையை இழுக்குது எண்டீராம், ரெண்டு நிமிசம் நிண்டாப்போல விட்டுதாம். அதுக்கு நீர் சொன்ன வியாக்கியானம்: "காஸ் மாமி." ஒரு போத்தல் ஜிஞ்சர் பியரும் குடிச்சீராம். எரிஞ்சதுக்கு அட்டாக், இறுக்கினதுக்கு காஸ்! உம்மட்ட வைத்தியத்துக்கு வந்தால் என்ர ஆட்டுக்கடாவும் கயித்தை அறுத்துக்கொண்டு ஓடும்.

நடக்க வந்து, நிண்டால் விடுற இறுக்கத்தை இருதயத்தின்ர கணக்கில எழுதும். நிண்டும் விடேல்லையோ, கை, தாடை, முதுகு எண்டு பரவுதோ, குளிர் வேர்வை கொட்டுதோ, மூச்சு வாங்குதோ, மாமாவின்ர கதவையும் தட்டவேண்டாம், போனை எடும். உமக்குச் சீனி வருத்தம் வேற. சீனிக்காரருக்கும் பொம்பிளையளுக்கும் சிலவேளை நோவே இல்லாமல், வெறும் களைப்பும் சத்தியுமாய் வரும்.

"ஈசிஜி நல்லாயிருக்காம்" எண்டு உந்தத் துண்டைத் தூக்கிக் காட்டாதையும். படுத்துக் கிடக்கிற மாடு நொண்டியோ எண்டு ஆருக்குத் தெரியும்? எழுப்பி நடக்கவிட்டுத்தான் பாக்கவேணும். மனிசரை ஓடுற பட்டியில ஏத்தி நடக்கவிட்டு எடுக்கிற ஈசிஜியும் இருக்குது. படிக்கட்டுக் கதையை டொக்டரிட்ட மறைச்சால் அவர் என்ன சாத்திரியே, தானாய்க் கண்டுபிடிக்க?

மாமி ஒன்பதரைக்குக் கிளினிக் நம்பர் எடுத்து வைச்சிருக்கிறா. சேட்டை மாத்தும். லிஃப்ட் இண்டைக்கு ஓடுது, படியால இறங்கி வீரம் காட்டவேண்டாம். உந்தக் கடைசி இடியப்பத்தை அங்கினேயே வையும், அது என்ர.