ஆறப்போட்ட விருதுகள்

அனுப்புநர்: டிக்கெட் எடுத்துப் படம் பார்க்கும் ஒருவன், சென்னை.

பெறுநர்: உயர்திரு இயக்குநர் அவர்கள், செய்தி மக்கள் தொடர்புத் துறை, தலைமைச் செயலகம், சென்னை - 9.

நாள்: மார்ச் 2024

பொருள்: திரைப்பட விருதுகள், சின்னத்திரை விருதுகள் – உரிய காலத்தில் வழங்காமல் காத்தமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக பீரோவில், அடியிலிருந்து மூன்றாவது கட்டு.

ஐயா,

2015ஆம் ஆண்டுக்கான தமிழ்நாடு அரசு திரைப்பட விருதுகளை இந்த மாதம் வழங்கி முடித்தீர்கள் என்று செய்தித்தாளில் படித்தேன். ‘தனி ஒருவன்’ சிறந்த படம், ‘இறுதிச்சுற்று’ மாதவன் சிறந்த நடிகர், ‘36 வயதினிலே’ ஜோதிகா சிறந்த நடிகை. தேர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இத்தனை வருடம் உட்கார்ந்து யோசித்தவர்களிடம் போய் என்ன குறை சொல்வது?

இதைத் தாமதம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். விவரம் தெரியாதவர்கள். தனியார் தொலைக்காட்சிகளைப் பாருங்கள்: தியேட்டரில் பேனர் இறங்குவதற்குள் விருது கொடுத்துவிடுகிறார்கள். விழாவுக்கு வருகிறேன் என்றவருக்கு ஒரு பிரிவு. வந்தே விட்டால் இன்னொரு பிரிவு. அதை மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கு வெட்டி ஒளிபரப்புகிறார்கள். அங்கே யாரும் படத்தை ஆறப்போடுவதில்லை. தாங்களோ ஆறப்போட்டு, ஊறப்போட்டு, எடுத்தவரே மறந்துவிட்டாரா என்று ஒருமுறை சரிபார்த்த பின்புதான் கூப்பிடுகிறீர்கள்.

‘இறுதிச்சுற்று’க்காகச் சிறந்த இயக்குநர் விருது பெற்ற சுதா கொங்கராவை எடுத்துக்கொள்வோம். அதன் பிறகு அவர் ‘சூரரைப் போற்று’ எடுத்தார். 2020இல் அது வெளிவந்தது. 2022இல் சிறந்த படம் உட்பட ஐந்து தேசிய விருதுகளை அள்ளியது. ஆக, இவர் தேறுவார் என்று தில்லி உறுதி செய்த பிறகே முந்தைய படத்துக்கு நம் பதக்கம் வெளியே வந்தது. அவசரப்பட்டு 2016லேயே கொடுத்திருந்து, அடுத்த படம் சொதப்பியிருந்தால் அரசுக்கு எவ்வளவு தலைகுனிவு!

2009 முதல் 2014 வரையிலான விருதுகளில்தான் தங்கள் துறை தன் முழுத் திறமையையும் காட்டியது. ஆறு வருட விருதுகளை 2017 ஜூலையில் ஒரே மூச்சில் அறிவித்தீர்கள். அறிவித்த பெயர்களுக்குப் பதக்கத்தைக் கையில் கொடுக்க இன்னும் ஐந்து வருடம். 2022 செப்டம்பரில் கலைவாணர் அரங்கத்தில் விழா. 2009இன் சிறந்த படம் ‘பசங்க’. அந்தப் படம் வந்தபோது கலைஞர் கருணாநிதி முதல்வர். பிறகு ஜெயலலிதா, ஓ. பன்னீர்செல்வம், எடப்பாடி பழனிசாமி. பதக்கம் கைக்கு வந்தபோது மு.க. ஸ்டாலின். விழா நடந்த கலைவாணர் அரங்கக் கட்டடமே 2016இல் திறந்ததுதான். 2009இல் ஆறாம் வகுப்பு படித்த ஒரு பையன், குழந்தை நட்சத்திர விருது வாங்க 2022இல் மேடையேறினால் என்ன ஆகும்? கல்லூரி முடித்து, தாடியோடு வருவான். வரிசையைச் சரிபார்க்கும் அலுவலர், “தம்பி, பிள்ளை எங்கே?” என்று கேட்டால் தப்பு சொல்ல முடியாது.

அதே மேடையில் 2009 முதல் 2013 வரையிலான சின்னத்திரை விருதுகளையும் கொடுத்தீர்கள். சீரியலுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பொருந்தும். மருமகளாகக் கண்ணீர் விட்டதற்கு விருது பெறுகிறவர், அறிவிப்பு வரும்போது மாமியாராகி, மேடையேறும்போது பாட்டி வேடத்துக்குக் கால்ஷீட் கொடுத்திருப்பார். குடும்பத் தொடர் என்றால் தலைமுறை கடக்க வேண்டாமா? போதாததற்கு, தரமணி அரசு திரைப்படக் கல்லூரியின் 2008-09ஆம் கல்வியாண்டு முதலான மாணவர்களுக்கான விருதுகளும் அன்றைக்கே. மாணவர் என்ற சொல்லுக்கு இவ்வளவு நீண்ட ஆயுளை எந்தப் பல்கலைக்கழகமும் கொடுத்ததில்லை.

ஐயா, இனி கொஞ்சம் கணக்கு. நடிகர், நடிகைக்கு 5 பவுன் தங்கப் பதக்கம். சிறந்த படத்தின் தயாரிப்பாளருக்கு ரொக்கம் 2 லட்சம் ரூபாய். 2009இல் பவுன் விலை 12 ஆயிரம் ரூபாய்ப் பக்கம். அன்றைக்கே கொடுத்திருந்தால் நடிகருக்கு 60 ஆயிரம் ரூபாய்த் தங்கம். தயாரிப்பாளரின் ரொக்கத்துக்கோ பதினாறு பவுன் வந்திருக்கும். என்ன ஏற்றத்தாழ்வு! 2022 செப்டம்பரில் பவுன் 37 ஆயிரத்தைத் தாண்டியது. நடிகரின் பதக்கம் 1 லட்சத்து 85 ஆயிரத்துக்கு மேல் ஏறியது. தயாரிப்பாளரின் 2 லட்சத்துக்கு ஐந்தரைப் பவுன்கூடத் தேறாது. யாரையும் பகைத்துக்கொள்ளாமல், ஒரு கோப்பைத் தூங்கவிட்டே இருவரையும் சமமாக்கிவிட்டீர்கள்.

சிறு படத்துக்காரர் மட்டும் இந்தச் சமத்துவத்தைப் புரிந்துகொள்ள மறுக்கிறார். வெள்ளிக்கிழமை படம் போட்டு, திங்கட்கிழமை காலைக் காட்சியை இழந்தவர் அவர். “தமிழ்நாடு அரசு விருது பெற்ற படம்” என்ற ஒரு வரி அந்த வருடமே போஸ்டரில் ஏறியிருந்தால் சாட்டிலைட் உரிமை பேசுகிற இடத்தில் நாற்காலி போட்டிருப்பார்கள். குறைந்த செலவில் எடுத்த தரமான படங்களுக்கு அரசு தரும் 7 லட்சம் ரூபாய் மானியத்தையும் அவர் நம்பியிருக்கிறார். அந்த 7 லட்சத்தை வெளியே மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்து, மானியம் வந்துசேர எட்டு வருடம் ஆனால், வட்டி மட்டும் 13 லட்சத்து 44 ஆயிரம். (வட்டிக்கு வட்டியை நான் சேர்க்கவில்லை. ஆனால் கடன் கொடுத்தவர் அவ்வளவு நல்லவரில்லை.) மானியத்தை வாங்கி அப்படியே வட்டிக்காரரிடம் கொடுத்தாலும் பாதி வட்டிக்குத்தான் காணும். இங்கே மட்டும் எனக்குப் பகடி வரவில்லை, மன்னிக்கவும்.

தங்கள் நடைமுறை கெடாமல் செய்யக்கூடிய ஒன்றிரண்டைச் சொல்கிறேன். ஓய்வூதியர்களைப் போல விருதுக்குரிய கலைஞர்களும் ஆண்டுக்கொரு முறை கருவூலத்துக்கு வந்து ஆயுள் சான்று கொடுக்கட்டும். விண்ணப்பத்தில் வாரிசுதாரர் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கட்டும். பின்னால் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைவது மிச்சம்.

ஒருவேளை, என்றாவது, விருதை அடுத்த வருடமே கொடுக்க வேண்டிய நெருக்கடி வந்தால் அதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. 2008ஆம் ஆண்டு விருதுகள் 2009லேயே அறிவிக்கப்பட்டன, கூடவே 2007க்கும். ‘சிவாஜி’க்காக ரஜினிகாந்த், ‘தசாவதார’த்துக்காகக் கமல்ஹாசன். கோப்பு எப்படி அப்படிப் பறந்தது என்று பட்டியலைக் கீழே வரை படித்தேன். 2008இன் சிறந்த உரையாடலாசிரியர்: மு. கருணாநிதி, படம் ‘உளியின் ஓசை’. அன்றைய முதலமைச்சரும் அவரே. வசனத்தில் அவர் கெட்டிக்காரர் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. நான் சொல்ல வருவது அலுவலக நுட்பம். எந்தக் கட்சி ஆண்டாலும், முதல்வராக இருப்பவரை ஏதாவதொரு பிரிவில், பின்னணிக் குரலானாலும் சரி, சேர்த்துவிடுங்கள். கோப்பு தானாக மாடியேறும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ரசிகன்

நகல்: நிதித் துறை. 2016ஆம் ஆண்டுப் பதக்கங்களுக்கு வேண்டிய தங்கத்தை இப்போதே வாங்கி லாக்கரில் வைத்துவிடுவது நல்லது. பவுன் இந்த 2024 மார்ச்சில் 48 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.