இயன்றவரை முயன்றார்களாம்

வெளிநாட்டுக்குப் போன மிஷனரி ஆசிரியர் ஊருக்கு எழுதும் கடிதத்தில் ஒரு விஷயம் தவறாது. பிள்ளைகளோடு உறவை வளர்த்துவருகிறோம், ஜெபியுங்கள், காணிக்கை அனுப்புங்கள். கனடாவின் உறைவிடப் பள்ளிகளில் அந்த உறவை எப்படி வளர்த்தார்கள் தெரியுமா? முதலில் தாய் தகப்பனோடு இருந்ததை அறுத்தார்கள். அடுத்து அண்ணன் தங்கை. இவனுக்கு ஒரு கட்டடம், அவளுக்கு இன்னொரு கட்டடம். தலைமுடியைக் கத்தரித்தார்கள். பெயரை எடுத்துக்கொண்டு நம்பர் கொடுத்தார்கள். தாய்மொழி வாயில் வந்தால் அடி. எல்லா உறவும் அறுந்தபின் மிஞ்சியது ஒன்றே ஒன்று. சாவி அதன் இடுப்பில் இருந்தது.

139 பள்ளிகள். சுமார் ஒன்றரை லட்சம் பூர்வகுடிப் பிள்ளைகள். கடைசிப் பள்ளியை மூடியது 1990களில்தான். நம் வீட்டில் கேபிள் டிவி வந்த பிறகு. பாதிக்கு மேற்பட்ட பள்ளிகள் கத்தோலிக்கர் கையில் இருந்தன. அவற்றில் நிறைய, பிரான்சில் பிறந்து கடல் கடந்து வந்த ஓப்லேட் துறவற சபையிடம். மற்றவற்றை ஆங்கிலிக்கன், பிரஸ்பிட்டீரியன், யுனைட்டட் சபைகள் பங்கு போட்டுக்கொண்டன. பணம் சர்க்காருடையது, பிரம்பு சபையுடையது. 1920இல் வருகையைச் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கினார் டங்கன் கேம்பெல் ஸ்காட் என்கிற அதிகாரி. பூர்வகுடிகள் என்ற பிரச்சினையே நாட்டில் இல்லாமல் போக வேண்டும் என்பது அவர் லட்சியம். அவர் கவிஞரும்கூட. பூர்வகுடிகளைப் பற்றி உருகி உருகிக் கவிதை எழுதியவர்.

மானியம் தலைக்கு இவ்வளவு என்று வந்தது. தலை குறைந்தால் பணம் குறையும். ஆகவே காசநோய்ப் பிள்ளையும் தலைதான். அதையும் சேர்த்துக்கொண்டு, நல்ல பிள்ளைக்குப் பக்கத்துப் படுக்கையில் போட்டார்கள். 1907இல் அரசு மருத்துவ அதிகாரி பீட்டர் பிரைஸ் இந்தப் பள்ளிகளைப் பார்த்துவிட்டு அறிக்கை கொடுத்தார். கணக்குக் கொடுத்த பள்ளிகளில் படித்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் செத்திருந்தார். ஒரு பள்ளியின் பழைய மாணவர்களில் இறந்தவர்கள் 69 சதவீதம். நம் ஊர்ப் பள்ளிகள் தேர்ச்சி விகிதத்தைத்தான் பேனரில் போடும். இவர்கள் எதைப் போட்டிருப்பார்கள்? அறிக்கையைப் படித்த சர்க்கார் உடனே நடவடிக்கை எடுத்தது. பிரைஸின் மீது. பதவி உயர்வு இல்லை, கடைசியில் கட்டாய ஓய்வு. வெளியே வந்த மனிதர் 1922இல் இதைத் தேசியக் குற்றம் என்று அச்சிட்டு விற்றார். நாடு படித்தது. பள்ளி மணி மறுநாளும் அடித்தது.

பசியையும் வீணாக்கவில்லை. 1948 முதல் 1952 வரை ஆறு பள்ளிகளில் சத்துணவு ஆராய்ச்சி நடந்தது. சத்துணவு என்றதும் நம் ஆள் எம்.ஜி.ஆரை நினைப்பான். இது வேறு ரகம். அல்பெர்னி பள்ளியில் பிள்ளைகள் குடிக்கும் பால் தேவையில் பாதிகூட இல்லை என்று கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்ததும் என்ன செய்திருப்பார்கள்? இரண்டு வருஷம் அதே அளவைத் தொடரச் சொன்னார்கள். பாலைக் கூட்டிய பிறகு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆரம்பக் கணக்கு வேண்டுமாம். பல் மருத்துவத்தையும் நிறுத்திவைத்தார்கள். ஈறு குணமாகிவிட்டால் ஆராய்ச்சி கெட்டுவிடும்.

இந்தப் பள்ளிகளை ஆராய்ந்த உண்மை அறியும் ஆணையம் 2015இல் இறுதி அறிக்கை தந்தது. அது தேடியெடுத்த மரணங்கள் 3,200. அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்குப் பிள்ளையின் பெயரே ஏட்டில் இல்லை. மானியத்துக்குத் தலை எண்ணத் தெரிந்தவர்களுக்கு, புதைத்த தலையின் பெயரை எழுதத் தெரியவில்லை. நல்ல மனதோடு வந்த ஆசிரியர்களும் இருந்தார்களே என்று யாராவது இழுப்பார்கள். இருந்திருக்கலாம். அந்த நல்ல மனது அப்போது எந்த அறையில் ஜெபித்துக்கொண்டிருந்தது?

சரி, செத்தவர்கள் போகட்டும், பிழைத்தவர்களுக்காவது ஏதாவது உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. 2006இல் ஓர் உடன்படிக்கை. பாதிக்கப்பட்டவர்களின் மறுவாழ்வுக்காக, மற்றத் தொகைகளோடு, இரண்டரைக் கோடி டாலர் நன்கொடை திரட்டித் தருவதாகக் கத்தோலிக்க அமைப்புகள் கையெழுத்துப் போட்டன. கூடவே ஒரு சின்ன வாசகம்: இயன்றவரை முயல்வோம். முயன்றார்கள். நாற்பது லட்சம்கூடத் தேறவில்லை. சாஸ்கட்டூன் மறைமாவட்டம் இதற்காகத் திரட்டியது சுமார் 34 ஆயிரம் டாலர். அதே ஊரில் அதே சமயம் 2 கோடியே 85 லட்சம் டாலரில் புதிய பேராலயம் எழும்பியது. டொராண்டோவின் பழைய பேராலயத்தைப் புதுப்பிக்க 12 கோடியே 80 லட்சம். கல்லுக்கு முயன்றால் இயல்கிறது.

கூட்டுறவு வங்கியில் நகையை வைத்த நம் ஆள் ஒருவன், இயன்றவரை முயன்றேன் சார், இவ்வளவுதான் தேறியது என்று சொல்லிப் பார்க்கட்டும். ஏல நோட்டீஸ் அவனுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேரும். கனடாவில் 2015இல் நீதிமன்றமே, மிச்சத்தைக் கட்ட வேண்டியதில்லை என்று விடுவித்தது. மேல்முறையீட்டை அரசாங்கம் கைவிட்டது. அதே உடன்படிக்கையில் இருந்த மற்றச் சபைகள் தங்கள் பங்கைக் கட்டி முடித்தன. கத்தோலிக்க ஆயர்கள் மூன்று கோடி தருகிறோம் என்று எழுந்து வந்தது 2021இல். பழைய பள்ளி வளாகங்களில் கல்லறை தேடும் செய்தி உலகப் பத்திரிகைகளில் முதல் பக்கத்தைப் பிடித்த பிறகு. 2022இல் போப் பிரான்சிஸே நேரில் வந்தார். பல கிறிஸ்தவர்கள் செய்த தீமைக்கு மன்னிப்புக் கேட்டார். பல கிறிஸ்தவர்கள் என்றார். திருச்சபை என்று சொல்லவில்லை. ஆயரையும் துறவியையும் அனுப்பியது யார், பக்கத்துத் தெரு சங்கமா?

1973இல் ஆறு வயது ஃபிலிஸ் வெப்ஸ்டாடுக்குப் பாட்டி புதிதாக ஓர் ஆரஞ்சுச் சட்டை வாங்கிக் கொடுத்தாள். மிஷன் பள்ளியில் முதல் நாளே அதைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். திரும்பக் கொடுக்கவேயில்லை. அந்தச் சட்டையின் நினைவாக இப்போது செப்டம்பர் 30இல் நாடெங்கும் ஆரஞ்சுச் சட்டை. ஸ்கார்பரோவில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் அதைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்குப் போகிறார்கள். 2021இல் அதை உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாளாகவே சர்க்கார் அறிவித்தது. (நல்லிணக்கம் என்றால் என்ன என்று ஈழத்தவருக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம்.) அந்த முதல் நாளன்று அப்போதைய பிரதமர் ட்ரூடோவைத் தங்களோடு இருக்க வரும்படி, கல்லறைத் தேடல் செய்தியில் அடிபட்ட காம்லூப்ஸின் பூர்வகுடிகள் அழைத்திருந்தார்கள். ஆட்டாவாவில் தனிப்பட்ட சந்திப்புகள் என்றது அவருடைய அன்றைய நிகழ்ச்சி நிரல். ஆள் இருந்தது டோஃபினோ கடற்கரையில், குடும்பத்தோடு விடுமுறையில். விஷயம் வெளியே வந்ததும் அக்டோபரில் காம்லூப்ஸுக்குப் பறந்தார். மன்னிப்பு நாளுக்கு வராமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டார்.